மேல்பக்கத் தையல்

இரண்டாம் உலக யுத்தக் காலம். இணுவிலில் தையற்காரனாக இருந்த நான் பலாலி விமானத்தளத்தில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. சட்டை தைக்க அல்ல, விமானத்தின் இறக்கை தைக்க! அங்கே நின்ற சின்ன இரட்டை அடுக்கு இறக்கை விமானத்துக்குப் போர்வையெல்லாம் துணிதான். கிழிந்தால் தைத்து, மேலே வார்னிஷ் பூசவேண்டும்.

ஒருநாள் கீழ் இறக்கையில் மேலும் அடியுமாக இரண்டு பக்கமும் துணி கிழிந்துவிட்டது. காற்று கீழேயிருந்துதானே இறக்கையைத் தள்ளித் தூக்குகிறது என்று நினைத்து, அடிப்பக்கத்தை நெருக்கித் தைத்தேன். மேல்பக்கத்தில் தையலை ஐதாக, எட்ட எட்ட ஓட்டி, வார்னிஷால் மறைத்துவிட்டேன். யார் பார்க்கப்போகிறார்கள்?

மறுநாள் காலை, என்னோடு வேலை செய்த அளவெட்டி ஊர்க்கார மெக்கானிக் ஓடிவந்தார்.

"அண்ணை, வெள்ளைக்காரப் பைலட் உங்களைக் கூப்பிடுறார். பறந்து சோதிக்கேக்கை தைச்ச ஆளும் ஏறவேணுமாம். இங்கை அதுதான் வழக்கம்."

"நானோ?"

"ஓம், நீங்கள்தான். வேட்டியை இறுக்கிக் கட்டுங்கோ!"

விமானம் எழும்பியபோது எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். கடலும் பனைகளும் செம்மண் தோட்டங்களும் என் காலுக்குக் கீழே! திடீரென்று பைலட் மூக்கைக் கீழே குத்தினார். ஐயோ! இறக்கைகளுக்கு நடுவே கட்டிய கம்பிகள் ஊளையிட்டன. தோட்டக் கிணறு ஒன்று பெருத்துக்கொண்டே என்னை நோக்கி வந்தது.

பிறகு நிமிர்த்தினார் பாருங்கள், கல்லாய்க் கனத்த என் கையையே என்னால் தூக்க முடியவில்லை. அப்போதுதான் இறக்கையைப் பார்த்தேன். மேல்துணி அப்பளம்போலப் புடைத்து நின்றது! என் ஐதான தையல் வாய் பிளந்தது. ஒரு நூல் அறுந்தது. இன்னொன்றும் அறுந்தது. "முருகா, முருகா!" என்று கத்தினேன். மிச்ச நூல்கள் எப்படியோ தாங்கிவிட்டன.

இறங்கியதும் பைலட் என் தோளில் தட்டி, நல்ல வேலை என்றார். பேசாமல் இருந்திருந்தால் தப்பியிருப்பேன். மனம் கேட்கவில்லை.

"தம்பி, மேல்பக்கம் ஏமாத்திப்போட்டன் எண்டு அவருக்குச் சொல்லு" என்றேன் மெக்கானிக்கிடம்.

பைலட் அறுந்த நூலைத் தொட்டுப் பார்த்தார். முகம் வெளுத்துப்போனது. பிறகு தாளில் ஓர் இறக்கையை வரைந்து விளக்கினார், மெக்கானிக் தமிழில் சொன்னார். காற்று கீழேயிருந்து தள்ளுவதைவிட மேலேயிருந்து இழுப்பதுதான் அதிகமாம். குத்திலிருந்து நிமிரும்போது அந்த இழுவை பல மடங்கு ஏறுமாம்.

மேல்பக்கத் தையல் முழுவதையும் பிரித்து, பொழுதுபடும்வரை நெருக்கித் தைத்தேன். மறுநாள் என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. நானாகவே போய் ஏறி உட்கார்ந்தேன். அதே குத்து, அதே நிமிர்வு. துணி புடைத்தது, ஒரு நூல்கூட அசையவில்லை. நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அதன்பிறகு எத்தனையோ மாப்பிள்ளைகளுக்குக் கலியாணச் சட்டை தைத்துவிட்டேன். என் தையலை நம்பி நானே ஏறிய அந்தக் காலையின் சந்தோஷம் இன்றுவரை வேறெதிலும் எனக்குக் கிடைக்கவில்லை.