தண்ணீர் ஊற்றிய கை

பேய் என்றால் சிரிக்கிற ஆள்தான் நான். நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் இதில் ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. நேரம் முதற்கொண்டு எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கிறேன்.

அக்கா இறந்து இருபத்தாறு நாள் ஆகியிருந்தது. எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன், தூங்கினேன். உள்ளே மரத்துப் போயிருந்தது. ஓர் ஆன்லைன் விளையாட்டில் அக்கா ஆறு வருடமாக ஒரு வீடும் தோட்டமும் வளர்த்து வந்தாள். மாமா தினமும் போனில் அந்தத் தோட்டத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார். பகலில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றாவிட்டால் செடிகள் காயும். எல்லாம் காய்ந்தால் வீடும் அழிந்துவிடும். போனில் பார்க்கத்தான் முடியும், ஊற்ற அக்காவின் கணினி வேண்டும். அவள் நாற்காலியில் உட்கார மாமாவுக்கு மனம் வரவில்லை. நான்தான் ஊற்றி வந்தேன்; வேலைக்குப் போன நேரத்தில் பாதித் தோட்டம் காய்ந்தது.

“ஏதாவது பண்ணு மாப்ள. அதுவும் போச்சுன்னா அவ சுத்தமா போயிடுவா.”

மென்பொருளைப் பிரித்துப் பார்ப்பதுதான் என் தொழில். ஆளுக்குப் பதிலாகத் தானே விளையாடும் பாட் ப்ரோகிராம் ஒன்றை எழுதினேன். அதைப் பிடிக்க விளையாட்டுக்குள் ஒரு காவல் இருந்தது. அதைப் பிரிக்கப் போய்த்தான் என் கொழுப்பு கரைந்தது. திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் காவல் ப்ரோகிராமின் வரிகள் இடம் மாறியிருக்கும். நோட்டம் விடுகிறேன் என்று தெரிந்தால் நல்ல பிள்ளையாக நடிக்கும். இரண்டு முறை பிடிபட்டேன், இரண்டு எச்சரிக்கை. மூன்றாவது முறை பிடிபட்டால் அக்காவின் கணக்கே போய்விடும்.

கடைசியில் ஒன்று புரிந்தது. அது பார்ப்பது கையை. மவுஸ் எப்படி வளைகிறது, எங்கே தயங்குகிறது என்பதை. என் பெயரில் தனிக் கணக்கு தொடங்கி ஒரு வாரம் கையாலேயே விளையாடினேன். அந்த அசைவுகளைப் பதிவு செய்து ப்ரோகிராமுக்குக் கொடுத்தேன்.

ஞாயிறு மதியம் 3:10. அக்காவின் கணினியில் அதை ஓடவிட்டு, கூடத்துக்கு வந்து மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

3:14.

டிக்... டிக்... டிக்...

அறைக்குள்ளிருந்து மவுஸ் சத்தம்.

“உள்ள யாரு மாப்ள?”

“ப்ரோகிராம்தான் மாமா.”

“அது சத்தம் போடுமா?”

போடாது. அசைவையெல்லாம் அது கணினிக்குள்ளேயே போட்டுக்கொள்ளும், நிஜ மவுஸைத் தொடுவதே இல்லை. நான் எழுந்து போனேன்.

அறையில் யாரும் இல்லை. சத்தம் நின்றிருந்தது. திரையில் தண்ணீர் மட்டும் செடி செடியாக விழுந்துகொண்டிருந்தது. மவுஸ் கீபோர்டுக்கு இடது பக்கம் இருந்தது. நான் வலது பக்கம்தான் வைத்துவிட்டு வந்தேன்.

அக்காவுக்கு இடது கைப் பழக்கம்.

ஓரத்தில் என் ப்ரோகிராமின் ஜன்னல். அதில் ஒரு சிவப்பு வரி.

3:11. பிடிபட்டது. நிறுத்தப்பட்டது.

மூன்று நிமிடம் முன்பே நின்றுவிட்டது...

தண்ணீர் இன்னும் விழுந்தது.

கூடத்திலிருந்து மாமாவின் குரல். “மாப்ள... அந்த மஞ்சப் பூவுக்கு மட்டும் ரெண்டு தடவ ஊத்துறா. அவ அப்படித்தான் ஊத்துவா. நீயா சொல்லிக் குடுத்த?”

“இல்ல மாமா.”

எனக்குப் பயம் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அன்றே விளையாட்டு நிறுவனத்துக்கு எழுதினேன். தப்பு என்னுடையது, அக்காவின் கணக்கை அழிக்காதீர்கள் என்று கேட்டேன். செவ்வாய்க்கிழமை காலை 11:20க்குப் பதில் வந்தது.

‘ஞாயிறு 3:11க்குப் பிறகான அசைவுகளைச் சோதித்தோம். ஆறு வருடமாக அந்தக் கணக்கில் விளையாடும் அதே மனிதக் கை. சந்தேகமே இல்லை. கணக்கு தொடரும்.

அதே வீட்டிலிருந்து உங்கள் பெயரில் தொடங்கிய கணக்கை நிரந்தரமாக நீக்கிவிட்டோம். தொடங்கிய நாள் முதல் அதில் மனித அசைவு ஒன்றுகூட இல்லை.’

என் கணக்கில் நான் எந்த ப்ரோகிராமும் ஓட்டவில்லை. ஒரு வாரமும் என் கையால்தான் விளையாடினேன்.