ஏழாவது மாடிக்கு எறும்பு வந்த வழி

பூச்சி மருந்து அடிப்பவன் என்று சொன்னால் கௌரவமாக இருக்காது என்று எங்கள் கம்பெனி எங்களுக்கு ‘டெக்னீஷியன்’ என்று பெயர் வைத்திருந்தது. இருபத்தாறு வருடம் டெல்லியில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். புதிதாக இந்த வேலைக்கு வருகிற நீங்கள் எல்லாரும் கரையானையும் மூட்டைப்பூச்சியையும் நினைத்துத்தான் பயப்படுகிறீர்கள். என்னைத் தலைகுனிய வைத்தது சாதாரண எறும்பு.

ஆபீஸ் கரோல் பாக்கில். முதலாளி கன்னா ஜி. தமிழ்ப் பெயரில் போன் வந்தால் போதும், “மத்ராசி பார்ட்டி ஹை, குமரேசன். தும் ஜாவோ” என்று என்னைத்தான் அனுப்புவார். சொந்த பாஷையில் நாலு வார்த்தை பேசிவிட்டால் நம்மவர்கள் புகார் சொல்லவே மாட்டார்கள் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. பாவம், மத்திய அரசு உத்தியோகத் தமிழர்களை அவருக்குத் தெரியாது. புகாரை மூன்று காப்பி எடுத்துக் கொடுப்பவர்கள் அவர்கள்.

1. முதல் விசிட்

ஜூலை மாதம், முதல் மழை பெய்த வாரம். கிட்வாய் நகரில் புதிதாகக் கட்டிய டவர் ஒன்றில் ஏழாவது மாடி. வீட்டுக்காரர் சந்தானம் சார், ஒரு அமைச்சகத்தில் டைரக்டர். அடுத்த பதவி உயர்வுக்குக் காத்திருப்பவர். அவர் மனைவி மாலதி மேடம், ரிட்டயர் ஆன பாட்டனி டீச்சர். கதவைத் திறந்ததுமே பாடம் ஆரம்பமாகிவிட்டது.

“ஷூவை வெளியிலயே விடுங்க. இங்க பாருங்க, இது ஏழாவது மாடி. எறும்பு என்ன, லிஃப்ட் புடிச்சா வருது? கீழேருந்து யாராவது கொண்டு வந்தாத்தான் உண்டு!”

பேப்பருக்குப் பின்னாலிருந்து சாரின் குரல் வந்தது. “ப்ராப்பரா இன்ஸ்பெக்ட் பண்ணி ரிப்போர்ட் குடுங்க.”

ப்ராப்பராக என்றால் எப்படி என்று சொல்லிவிடுகிறேன். முதலில் எறும்பு எந்த ஜாதி என்று பார்க்க வேண்டும். கட்டெறும்பு என்றால் ஈரம் ஏறிய கதவு நிலையைத் தட்டிப் பார்க்கணும். கடிக்கிற சிவப்பு எறும்பு என்றால் தரை விரிசல், தொட்டி மண். கடிக்காத சின்னக் கறுப்பு என்றால், நம் ஊரில் பிள்ளையார் எறும்பு என்போமே அது, இனிப்பைத் தேடி வந்திருக்கும். அப்புறம் ஒரு அட்டையில் ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணீர், ஒரு சொட்டு நெய். எதில் மொய்க்கிறது என்று பார்த்து மருந்து வைக்கணும். கடைசியாக, வரிசையைப் பிடித்துக்கொண்டே பின்னால் போய், எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கணும். இதற்கு மட்டும் அரை மணி நேரம் ஆகும். அதனால் ஒருத்தரும் செய்வதில்லை.

நானும் செய்யவில்லை. அன்றைக்கு இன்னும் நாலு வீடு பாக்கி இருந்தது. பிள்ளையார் எறும்பு என்று பார்த்த மாத்திரத்தில் அஞ்சு இடத்தில் இனிப்பில் விஷம் கலந்த ஜெல் வைத்தேன். பத்து நாள் துடைக்காதீர்கள், ஸ்பிரே அடிக்காதீர்கள், அதுகளே தின்று கூட்டுக்குக் கொண்டுபோகும் என்று சொன்னேன்.

“அதெல்லாம் சரி, ஏன் வருது?” என்றார் மேடம்.

காரணம் தெரியாதபோது சொல்வதற்கென்றே எங்கள் தொழிலில் ஒரு வாக்கியம் இருக்கிறது. வாயைத் திறந்தால் தானாக வரும்.

“சஃபாய் சரியில்ல மேடம். வேலை செய்யறவங்க மூலையெல்லாம் துடைக்கறதில்ல போலிருக்கு.”

இதை மறுத்துப் பேசிய வீட்டுக்காரர் ஒருத்தரைக்கூட நான் பார்த்ததில்லை. அவர்களுக்கும் திருப்தி, நமக்கும் ஜல்தியாகக் கிளம்பலாம். செல்வி அப்போது பத்தடி தள்ளி சிங்க்கில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சின்னசேலம் பக்கத்துப் பெண், அந்த டவரில் மூன்று வீட்டில் வேலை. திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் குனிந்து ரிப்போர்ட் எழுதினேன். ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘சுத்தக் குறைவு’.

2. தொடப்படாத ஜெல்

பத்தாம் நாள் சனிக்கிழமை. மறுபடி போன், மறுபடி நான். எறும்பு இரண்டு மடங்காகியிருந்தது.

“நீங்க வெச்சது மருந்துதானா, இல்ல டூத்பேஸ்ட்டா?” என்றார் மேடம். கேட்டது நியாயம்தான். ஜெல் வைத்த இடத்திலேயே காய்ந்து கிடந்தது. ஒரு எறும்பு மோந்துகூடப் பார்க்கவில்லை.

“ஆனா நீங்க சொன்ன பாயின்ட் கரெக்ட். அவளை அன்னிக்கே நிறுத்திட்டேன். டவர் குரூப்லயும் போட்டுட்டேன்.”

போனைக் காட்டினார். வேலைக்காரிதான் வீட்டுக்கு வீடு எறும்பு கொண்டு வருகிறாள் என்று ‘பெஸ்ட் கண்ட்ரோல் எக்ஸ்பர்ட்’ உறுதி செய்துவிட்டாராம். அந்த எக்ஸ்பர்ட் நான். மற்ற இரண்டு வீட்டிலும் அன்று சாயங்காலமே செல்வியை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். செக்யூரிட்டி அவளுடைய கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டான்.

எனக்குச் சுரீரென்றது. “மேடம், செல்வி வராமலே எறும்பு கூடியிருக்கே?”

“அவ விட்டுட்டுப் போன முட்டையெல்லாம் இப்ப பொரியுது!”

பாட்டனி வேறு, ஜுவாலஜி வேறு என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஜெல்லை எறும்பு தொடவில்லை என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பக்கத்தில் எங்கேயோ அதைவிட நல்ல சாப்பாடு நடக்கிறது. கல்யாணப் பந்தி நடக்கிற இடத்தில் எவன் காய்ந்த பன்னைத் தின்பான்? முதல் நாளே செய்திருக்க வேண்டியதை அன்றைக்குச் செய்தேன். டார்ச்சை எடுத்துக்கொண்டு மண்டி போட்டேன். சமையல் மேடையிலிருந்து ஹால், ஹாலிலிருந்து சுவரோரமாகப் பால்கனிக் கதவு. உள்ளே வருகிற ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு வெள்ளைத் துணுக்கு. பால்கனியில் ஏசி யூனிட்டுக்குப் பின்னால், செடித் தொட்டிகளின் மறைவில், ஒரு பேப்பர் தட்டு. அதில் கோதுமை ஆட்டாவும் பொடித்த சர்க்கரையும் குவியலாக, காலையில் வைத்த புதுசு. கும்பாபிஷேக அன்னதானம் தோற்றது போங்கள்!

பின்னால் கதவு சாத்துகிற சத்தம். சந்தானம் சார்.

“மெதுவாப் பேசுங்க. மாலதிக்குத் தெரியாது.”

டெல்லிக்காரர்களுக்கு இது புதிதில்லை. சனி பிடித்திருக்கிறது என்று ஜோசியர் சொன்னால், சனிக்கிழமை மரத்தடியில் எறும்புக்கு ஆட்டாவும் சர்க்கரையும் போடுவார்கள். நல்ல பழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது மரத்தடியில் நடக்க வேண்டிய காரியம்.

“பார்க்ல எல்லாம் என் ஆபீஸ் ஆளுங்க வாக்கிங் வராங்க. நான் குந்திக்கிட்டு எறும்புக்குச் சர்க்கரை போடறதைப் பாத்தா என்ன நினைப்பாங்க? ஆபீஸ்ல எனக்கு ரேஷனல் ஆளுன்னு பேரு. செடிக்குத் தண்ணி ஊத்தறது என் டிபார்ட்மென்ட், அதான் இங்கயே...”

“சனிக்கிழமை மட்டும்தானே சார் போடுவாங்க?”

“ஜோசியர் சனின்னுதான் சொன்னார். ப்ரமோஷன் ஃபைல் நகரலையேன்னு நான் டெய்லி போடறேன்.”

“அப்ப எறும்பைக் கொல்ல எங்களை எதுக்கு சார் கூப்பிட்டீங்க?”

“கூப்பிட்டது அவ. உள்ள வர்றதைக் கொல்லுங்க. வெளிய இருக்கறது இருக்கட்டும்.”

ஒரு இலாகா சோறு போடுகிறது, இன்னொரு இலாகா விஷம் வைக்கிறது, இரண்டுக்கும் கடிதப் போக்குவரத்தே கிடையாது. முப்பது வருட சர்வீஸ் வீட்டுக்குள் வராமல் எங்கே போகும்?

“செல்விக்கு மூணு வீட்டு வேலையும் போயிடுச்சு சார்.”

“அது ஹவுஸ்ஹோல்ட் மேட்டர். நான் தலையிடறதில்ல.”

வந்த கோபத்துக்கு ஸ்பிரேயைத் திறந்து அவர்மேலேயே அடித்திருப்பேன். கை வரவில்லை. சோறு போட்டவர் அவர், சரி. பழியைப் போட்டவன் நான்தானே. வெட்கமாக இருந்தது.

3. ‘காரணம்’ என்ற கட்டம்

புது ரிப்போர்ட்டை எடுத்து, ‘காரணம்’ கட்டத்தில் இங்கிலீஷில் எழுதினேன். இந்த வீட்டில் வசிப்பவர் பால்கனியில் தினமும் வைத்த ஆட்டாவும் சர்க்கரையும்தான் காரணம், வேலை செய்பவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, முந்தைய ரிப்போர்ட் தவறு என்று. கீழே கஸ்டமர் கையெழுத்துப் போட வேண்டும். நீட்டினேன். சார் பேனாவை எடுத்தார், திருத்துவதற்கு.

“‘ரெசிடென்ட்’ வேண்டாமே. ‘சம் ஈட்டபிள் மேட்டர் வாஸ் ஃபவுண்ட்’னு போட்டா போதாதா?”

“யார் வெச்சதுன்னு கேப்பாங்க சார்.”

“அப்ப பேர்ட் ஃபீட்னு போடுங்க. பறவைக்கு வெச்ச தீனி. டீசன்ட்டா இருக்கும்.”

“எந்தப் பறவை சார் ஏசிக்குப் பின்னாடி புகுந்து தட்டுல சாப்பிடுது?”

சற்று யோசித்தார். “‘அலெஜ்ட்லி’, அதாவது ‘சொல்லப்படுகிறது’ன்னு ஒரு வார்த்தை சேத்துக்கலாமா?”

“சார், கையெழுத்து இல்லேன்னா பரவாயில்ல. மேடத்தை இங்க கூப்பிட்டுத் தட்டைக் காட்டிட்டுப் போறேன். டிராஃப்டை நீங்க ரெண்டு பேரும் உக்காந்து முடிச்சுக்குங்க.”

உடனே கையெழுத்து விழுந்தது. அவர் சர்வீஸிலேயே இவ்வளவு வேகமாக ஒரு ஃபைல் பைசல் ஆகியிருக்காது.

மேடம் ரிப்போர்ட்டை இரண்டு தரம் படித்தார். “ரெசிடென்ட்டா? இந்த வீட்ல இருக்கறதே ரெண்டு பேர். நான் வெக்கல.” சார் பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அதற்குமேல் நான் அங்கே நிற்கவில்லை. தட்டை எடுத்துப் போட்டு, தொட்டிகளை நகர்த்திக் கழுவி, புது ஜெல் வைத்துவிட்டு இறங்கினேன். மேடத்தைப் பற்றி ஒன்று சொல்லணும். ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அன்றைக்கே குரூப்பில் போட்டுவிட்டார். கூட ஒரு வரி வருத்தம் கிடையாது, கைகூப்பும் படம் ஒன்று மட்டும். ஒரு வாரத்தில் எறும்பு அடியோடு போயிற்று.

4. செல்வி

அடுத்த வாரம் ஃபாலோ-அப்புக்குப் போனபோது லிஃப்ட் வாசலில் அவளைப் பார்த்தேன். கழுத்தில் பாஸ் தொங்கியது. இரண்டு வீட்டில் திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள். ஏழாவது மாடியிலும் கூப்பிட்டார்களாம், இவள்தான் முடியாது என்றுவிட்டாள்.

“அன்னிக்கு நான் சொன்னது தப்பும்மா. பாக்காமலே சொல்லிட்டேன். மன்னிச்சுக்கோ” என்றேன்.

திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை.

“நீங்க கம்பெனி ஆளு, சட்டையில பேரெல்லாம் போட்டிருக்கு. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சிட்டேண்ணா. வீட்டுக்குப் போயி பாயி, துணிமணி, அரிசி டப்பா எல்லாத்தையும் வெயில்ல கொட்டிப் பாத்தேன். ஒரு எறும்பு இல்ல. அப்பவும் எனக்கு எம்மேலதான் சந்தேகம்.”

லிஃப்ட் வந்தது. ஏறுவதற்கு முன் தோளிலிருந்த பையை இறக்கி, தலைகீழாகப் பிடித்து இரண்டு தரம் உதறினாள். சாப்பாட்டு டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு, பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் ஏறினாள்.

“தெனமும் இப்படித்தான்” என்றான் பக்கத்தில் நின்ற செக்யூரிட்டி, இந்தியில்.

காரணம் தெரியவில்லை என்றால் ‘தெரியவில்லை’ என்று எழுதுங்கள். அந்தக் கட்டத்தில் அதற்கு இடம் தாராளமாக இருக்கிறது. ரிப்போர்ட்டில் நான் எழுதியதை நானே திருத்திவிட்டேன். அவள் பையை உதறுவதை எப்படி நிறுத்துவது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.