ஞானப்பழம், இரு கண்

நடந்ததை வரிசையாகச் சொன்னால் இவ்வளவுதான்:

1. மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, ராதாபுரத்துக்குத் தெற்கே, பதநீர் காய்கிற இனிப்பு வாடைக்குள் எங்கள் வேன் போய் நின்றது.
2. புதன்கிழமை, கண்ணில் புரை விழுந்தவர்களின் பெயர்களை வீடு வீடாகப் போய் எழுதினார்கள்.
3. வியாழக்கிழமை அந்தத் தாள்களைப் பார்த்து நான் ஒரு சுத்தப் பிரதி எடுத்தேன்.
4. அதில் ஒரு பெயரை நீக்கினேன்.
5. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி பஸ் வந்தது. போக வேண்டிய ஒருவர் போகவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் ஆறாம் வகுப்பு முடித்திருந்தேன். பாளையங்கோட்டையில் எங்கள் சபையின் வாலிபர் ஐக்கியம் ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் பனங்காட்டுப் பக்கம் ஏதாவது ஓர் ஊருக்கு ஒரு வாரம் ஊழியத்துக்குப் போகும். காலையில் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதப்பள்ளி, பகலில் ஊர்ச் சபைக் கோயிலுக்கு வெள்ளையடிப்பு, சாயங்காலம் ஜெபக்கூட்டம் என்று வேலைகள் பிரித்திருக்கும். அந்த வருடம் புதிதாகக் கண் முகாமும் சேர்ந்தது. அம்மா நர்ஸ் என்பதால் அவளைக் கூப்பிட்டார்கள், என்னை வீட்டில் தனியாக விட முடியாததால் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். போன இடத்தில் என் கையெழுத்து நன்றாக இருப்பதை ஐக்கியத்தின் செயலாளர் ஜெயசிங் அண்ணன் கண்டுபிடித்தார். அவர் வங்கியில் வேலை பார்த்தவர். எதையும் நான்கு கட்டம் போட்டு எழுதினால்தான் அவருக்கு மனசு ஆறும். எனக்கும் அப்படித்தான். வேனில் ஏற்றிய சாமான்களை "பானை 3, பாய் 22, டோலக் 1" என்று நானாகவே எழுதி வைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், கோயிலுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் பிள்ளைகளின் வருகைப் பதிவேட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பெரிய கிணற்றை ஒட்டிய வீடு அவருடையது. ஊரே அவரைக் "கிணத்தடி அம்மா" என்றுதான் சொல்லும். இடுப்பில் செருகியிருந்த ஓர் இன்லேண்ட் லெட்டரை எடுத்து என் மடியில் வைத்தார்.

"வாசி. பைய வாசி, ஊருக்கே கேக்காண்டாம்."

பம்பாயில் வேலை பார்க்கிற அவருடைய மகன் எழுதியது. பொடிப்பொடியான எழுத்து, ஓர் அங்குலம் மிச்சமில்லாமல் மடிப்பு வரைக்கும் எழுதியிருந்தான். கிணத்தடி அம்மா மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர், ஒரு காலத்தில் பெண்கள் கூட்டத்தில் வேதபாடம் வாசித்தவர். வலது கண் சிறுவயதில் அம்மையில் போயிருந்தது. இடது கண்ணில் இரண்டு வருடமாகப் புரை. வீட்டுக்காரர் பனையேறுகிறவர், எழுத்துத் தெரியாது. அதனால் மகனின் கடிதங்களை அவர் யார் யார் வாயிலோ கேட்டுக்கொண்டிருந்தார். போதாக்குறைக்குக் கடிதங்கள் நேராக அவர் வீட்டுக்கு வருவதும் இல்லை. தபால்காரர் வேறொரு வீட்டில் கொடுத்துவிடுவதும், அங்கே பிரித்து வாசித்து விடுவதுமாக இருந்து சண்டையாகி, கடைசியில் கோயில் ஊழியத்தைப் பார்க்கிற ஊர் உபதேசியார் பெயருக்கு அனுப்பச் சொல்லி ஏற்பாடு. அந்த வேறொரு வீடு எது, ஏன் அங்கே போயிற்று என்றெல்லாம் நான் கேட்கவில்லை.

"ஆப்ரேசன் பண்ணிட்டா நானே வாசிப்பேன்லா?" என்றார்.

"வாசிப்பீங்க" என்றேன், டாக்டர் மாதிரி.

புதன்கிழமை இரண்டு குழுக்கள் டார்ச்சும் அட்டையுமாக ஆளுக்கு ஒரு தெருவாகப் போய் வந்தன. மொத்தத்தில் முப்பத்தைந்து பெயர்கள். ஆஸ்பத்திரியில் இலவசப் படுக்கை முப்பதுதான் என்பதால் முதல் முப்பது பேர் வெள்ளிக்கிழமை பஸ்ஸில், மீதிப் பேர் காத்திருப்பில் என்று முடிவாயிற்று. பெயர், கணவர் அல்லது தகப்பனார் பெயர், வயது, எந்தக் கண் என்று நான்கு கட்டம் போட்டு மறுநாள் நான் எழுத உட்கார்ந்தேன். மேலத்தெருத் தாளில் ஒன்பதாவது பெயர்: ஞானப்பழம், க/பெ தேவசகாயம், 60, வலது. கீழத்தெருத் தாளில் நான்காவது பெயர்: ஞானப்பழம், க/பெ தேவசகாயம், 60, இடது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஒரே ஆளை இரண்டு குழுவும் எழுதியிருக்கிறார்கள், ஒரு குழு ஒரு கண்ணைப் பார்த்திருக்கிறது, இன்னொரு குழு மற்றக் கண்ணைப் பார்த்திருக்கிறது. கீழத்தெருப் பெயரை அடித்துவிட்டு மேலத்தெருப் பெயருக்கு நேரே "இரு கண்" என்று எழுதினேன்.

ஜெயசிங் அண்ணன் வெள்ளையடித்த கையோடு வந்து எட்டிப் பார்த்தார். வாலிபர்களைக் கூப்பிட்டு, "ஏலே, இங்கன வாங்க. காலேஜ் படிக்கிய, ஒரே பொம்பளைய ரெண்டு பேரா எழுதிட்டு வந்திருக்கிய. ஆறாப்புப் புள்ள கண்டுபிடிக்கா பாருங்க" என்றார். ஒருவன், "அப்ப அவளையே ஆப்ரேசன் பண்ணச் சொல்லும்வே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். காலியான இடத்துக்குக் காத்திருப்பில் முதலாவதாக இருந்த ஒரு தாத்தாவின் பெயரை நான்தான் ஏற்றினேன். முப்பது சரியாக வந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை.

தென்பக்கத்துச் சபைகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு என் தவறு இதற்குள் தெரிந்திருக்கும். அந்த ஊர்களில் ஞானஸ்நானப் பெயர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடும். ஊரில் பாதிப் பெண்கள் பழத்தில் முடிவார்கள், ஆண்களில் தெருவுக்கு இரண்டு தேவசகாயம் இருப்பார்கள். வயது கேட்டால் கல்யாண வயதில் பேரப்பிள்ளை இருக்கிறவர்கள் எல்லாரும் "அறுவதுன்னு போடுங்க" என்பார்கள். அதனால் ஊருக்குள் யாரும் யாரையும் பெயரால் அடையாளம் சொல்வதில்லை, வீட்டைத்தான் சொல்வார்கள். நான் போட்ட நான்கு கட்டத்தில் வீடு இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கோயில் வாசலில் பஸ் நின்றது. ஜெயசிங் அண்ணன் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு ஏற்றினார். "ஞானப்பழம், தேவசகாயம் சம்சாரம்" என்றதும் இரண்டு பேர் முன்னால் வந்தார்கள். இரண்டு பேரும் சொல்லியனுப்பியபடி தலைக்குக் குளித்து, நகம் வெட்டி, கையில் ஆளுக்கொரு துணிப்பை வைத்திருந்தார்கள். ஒருவர் மேலத்தெருக்காரர், அதற்கு முன் நான் பார்த்திராதவர். இன்னொருவர் கிணத்தடி அம்மா.

கூட்டத்தில் ஒரே சிரிப்பு. மேலத்தெரு ஞானப்பழம் படியில் கால் வைத்துக்கொண்டே, "ஏளா, எம் பேரத்தான் வச்சுக்கிட்ட, இப்ப எஞ் சீட்டும் கேக்கியா?" என்றார்.

"எம் மவன் கடுதாசிய எல்லாம் வாங்கி ஒம் புருசன வச்சு வாசிச்சியே, சீட்டையாவது எனக்குத் தாளா" என்றார் கிணத்தடி அம்மா.

அப்போதுகூட எல்லோரும் சிரித்தார்கள். கிணத்தடி அம்மாவும் சிரித்தார், தன் பெயரையும் அடுத்துக் கூப்பிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு. முப்பதாவது ஆள் ஏறியதும், படுக்கை அவ்வளவுதான் என்று பஸ் புறப்பட்டுவிட்டது. அவர் பையைக் கையில் பிடித்தபடி பஸ் சத்தம் போன பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜெயசிங் அண்ணன் உபதேசியாரிடம் திரும்பி, "என்ன உபதேசியாரே, ஒரே பேருல ரெண்டு பேரு இருக்காவன்னு ஒரு வார்த்தை சொல்லாண்டாமா?" என்று சத்தம் போட்டார். உபதேசியார் வயதானவர். பட்டியலை அவர் கண்ணிலேயே காட்டவில்லை என்பது எனக்குத் தெரியும். அவர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் வேதப்பள்ளியில் போய் உட்கார்ந்து பிள்ளைகளின் வருகையைக் குறித்தேன்.

மத்தியானம் வரைக்கும்தான் தாங்கியது. அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இடத்துக்குப் போய்ச் சொன்னேன். அம்மா கையைக்கூடத் துடைக்கவில்லை. "என்கிட்ட சொல்லி என்ன? அவிய வீட்டுல போய்ச் சொல்லு" என்றாள்.

கிணத்தடி அம்மா ஓலைப்பாயில் உட்கார்ந்திருந்தார். பை இன்னும் அவிழ்க்காமல் பக்கத்தில் இருந்தது. நான் மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டு போயிருந்தேன், ஆனால் கடைசியிலிருந்து முதலுக்குப் போய்த்தான் சொல்லி முடித்தேன். அவர் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, "ஏட்டி, எங்க ரெண்டு பேரையும் சேத்து ஒருத்தியா ஆக்கிட்டியே. அவ வீட்டுக்காரன் கேட்டா என்ன சொல்லுவான்?" என்றார். நான் அழ ஆரம்பித்தேன். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"சரி, எனக்கு எப்ப?"

"தெரியாது."

"ஒனக்குத் தெரியாதுல்லா, தெரிஞ்சவியகிட்ட கேட்டு வந்து சொல்லு. உபதேசியாரு மேல ஒண்ணும் இல்லன்னும் அங்கன சொல்லிட்டு வா."

இரண்டையும் செய்தேன். சாயங்காலக் கூட்டத்தில், எல்லோர் முன்னாலும், அடித்த பெயரைக் காட்டிச் சொன்னேன். ஜெயசிங் அண்ணன் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து போய் உபதேசியாரின் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வருடம் அதே ஊருக்கு வந்து முதல் பெயராக எழுதிக் கூட்டிப்போவதாகச் சொன்னார். அம்மா, "அடுத்த வருசம் நாம வருவோம். அதுவரைக்கும் கண்ணு இருக்கணுமே" என்றாள். மிச்சமிருந்தது ஒரு கண் என்பதை அப்போது நினைத்துப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் அறிக்கை வாசிக்கப்பட்டது. முப்பது பேருக்குக் கண் சிகிச்சை என்றதும் கை தட்டினார்கள். எண்ணிக்கை சரிதான், முப்பது பேர்தான் போனார்கள்.

அம்மா ஆஸ்பத்திரிக்கு நான்கைந்து தடவை நடந்து ஒரு படுக்கை வாங்கினாள். அதற்கு ஐந்து வாரம் ஆயிற்று. கிணத்தடி அம்மா அதே துணிப்பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆபரேஷன் முடிந்து எங்களோடு பத்து நாள் இருந்தார். சொட்டு மருந்துக்கு நான் நேரப்பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஒரு வேளையும் தவறவில்லை. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கொஞ்சம் கெட்டிருக்கிறது என்று டாக்டர் அம்மாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. ஆறு வாரம் கழித்து மறுபடி எங்கள் வீட்டுக்கு வந்து, கண்ணாடி போட்டுப் பார்த்தபோது முகம் தெரிந்தது, வழி தெரிந்தது, சுவர்க் கடிகாரத்தின் முள் தெரிந்தது. இன்லேண்ட் லெட்டரைப் பிரித்து மூக்குவரை கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எறும்பு ஊருதாப்புல இருக்கு" என்று மடித்து வைத்தார். அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு மகனுக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். ஒரே ஒரு விஷயம்தான்: இனிமேல் பெரிய எழுத்தாக எழுத வேண்டும்.

அவன் எழுதினான். கடைச் சுவரில் விளம்பரம் எழுதுகிற மாதிரி, ஒரு லெட்டரில் பத்து வரி. முன்பு ஒன்றில் அடங்கியதற்கு மூன்று லெட்டர் ஆனது, மூன்றையும் எண் போட்டு அனுப்பினான். அதை அவரே வாசித்தார், தனியாக, வாய்க்குள். எழுத்துக் கூட்டி வாசிக்க ஒரு மத்தியானம் ஆகும் என்று உபதேசியார் சொல்லியனுப்பினார்.

நான் பிறகு பொறியியல் படித்தேன், இப்போது சென்னையில் வேலை. எங்கள் சபை இன்னும் கோடையில் தெற்கே போகிறது, ஒரு வாரம் இப்போது மூன்று நாளாகிவிட்டது. கண் முகாம் படிவத்தில் "வீட்டு அடையாளம்" என்று ஐந்தாவது கட்டம் உண்டு, அச்சடித்தே வருகிறது. பனையேறுகிறவர்கள் குறைந்து, அந்த ஊரில் மே மாதத்தில் பதநீர் வாடை அவ்வளவாக வருவதில்லை என்கிறார்கள். கைபேசி வந்தபின் கடிதமும் நின்றுவிட்டது. ஞானப்பழங்கள் இருவருமே இப்போது இல்லை.

ஆபரேஷன் ஐந்து வாரம் முந்தியிருந்தால் கிணத்தடி அம்மா பொடி எழுத்தையும் வாசித்திருப்பாரா என்று இரண்டு கண் மருத்துவர்களிடம் கேட்டிருக்கிறேன். ஒருவர் வாசித்திருக்கலாம் என்றார். மற்றவர் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்றார்.