அணைக்காத எட்டாவது தறி

எங்கள் மாமாவை நகரியில் பாதிப் பேர் சாமி என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் கறுப்புச் சட்டை தவிர வேறெதுவும் போடமாட்டார். முடி தோளைத் தாண்டித் தொங்கியது. விடிந்தும் விடியாமலும் கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவார், யாரோடும் அதிகம் பேசமாட்டார். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் எங்கள் ஊரில் ஒரே விடைதான் வரும்: சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார். பேருந்தில் எழுந்து இடம் கொடுத்தார்கள். புத்தூர் பேருந்தில் ஒரு பெரியவர் அவர் காலையே தொட்டுவிட, மாமா பதறிப்போய்க் குனிந்து அவர் காலைத் தொட்டார். சாமியின் பணிவைப் பார்த்து வண்டியே நெகிழ்ந்தது. அந்தச் சட்டையின் மார்பில் பல்லைக் காட்டும் மண்டையோடு ஒன்று உண்டு. உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டால்தான் தெருவில் இறங்கலாம் என்பது அம்மா போட்ட சட்டம். மாலை போடும் மாதங்கள் முடிந்த பிறகும் கறுப்பும் முடியும் போகவில்லை. கேட்டவர்களிடம் அம்மா, திருமலையில் இறக்க வேண்டுதல் என்று சொல்லிவைத்தாள்.

மாமா அம்மாவின் தம்பி. அவர் வாசித்தது மெட்டல் என்கிற, காதைக் கிழிக்கும் மேல்நாட்டு இசை. திருப்பதியில் பாலிடெக்னிக் படித்தபோது, பெங்களூரிலிருந்து விடுதிக்கு வந்து கைமாறி நைந்துபோன கேசட்டுகளைக் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டார். மொத்தம் மூன்று பேர். ஒருவர் பாடினார், ஒருவர் டிரம்ஸ், மாமா கிட்டார். அவர்களுக்குக் கம்பெனி கிடையாது, கடை கிடையாது. அவர்களே பதிவு செய்து, அவர்களே நகல் எடுத்து, மேலட்டையை ஜெராக்ஸ் போட்டு, கடிதம் எழுதிக் கேட்டவர்களுக்குத் தபாலில் அனுப்பினார்கள். கேட்டவர்கள் எல்லாம் ஷில்லாங், கல்கத்தா என்று தூரத்தில் இருந்தார்கள். எங்கள் தெருவில் யாரும் கேட்கவில்லை.

டிரம்ஸ் அண்ணா லீவில் மாமாவோடு பைக்கில் எங்கள் வீட்டுக்கு வருவார். கவிழ்த்த பக்கெட், எண்ணெய் டின், என் முதுகு என்று எதையும் விட்டுவைக்கமாட்டார். தறியில் முறிந்த கட்டையைச் சீவி இரண்டு குச்சிகள் செய்து எங்கள் வீட்டிலேயே வைத்திருந்தார். நான் ஒன்றிலிருந்து எட்டு வரை எண்ணவேண்டும், அவர் அடிப்பார். நான் வேண்டுமென்றே ஆறிலிருந்து எட்டுக்குத் தாவினாலும் அவர் கை விழவேண்டிய இடத்தில் சரியாக விழும்.

அப்புறம் ஒருநாள் மாமா மட்டும் வந்தார். இடது கையில் மாவுக்கட்டு. பைக்கைக் காணோம். டிரம்ஸ் அண்ணா எங்கே என்று கேட்டேன். நைனா என்று நான் கூப்பிடும் அப்பா, அம்மாவைப் பார்த்தார். பிறகு, அவன் குவைத்துக்குப் போய்விட்டான் என்றார். நம்பாமல் இருக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. தெருவில் அப்போது வீட்டுக்கு ஒருவர் குவைத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தறி ஓட்டியவர்கள் போனார்கள், சமைக்கத் தெரிந்த அத்தைகள் போனார்கள். சொல்லிக்கொண்டு போனவர்களும் உண்டு, சொல்லாமல் போனவர்களும் உண்டு.

மாவுக்கட்டைப் பிரித்த திருப்பதி டாக்டர், கை சரியாகிவிட்டது, ஆனால் ஆள் தூங்குவதில்லை என்று கண்டுபிடித்து, பத்து நாள் பேசாமல் இருக்கச் சொல்லித்தரும் ஓர் இடத்துக்கு மாமாவை அனுப்பினார். மூச்சு உள்ளே வருவதையும் வெளியே போவதையும் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அங்கே பாடம். திரும்பி வந்தவர் தினமும் எங்கள் தறிக்கொட்டகையில் உட்காரத் தொடங்கினார். காலையில் ஆறிலிருந்து எட்டு வரை மின்வெட்டு. எட்டுத் தறிகளும் அடங்கிக் கிடக்கும் அந்த இரண்டு மணி நேரம்தான் எங்கள் தெருவுக்கு வாய்த்த மௌனம்.

அம்மாவுக்கு அந்த உட்காருதல் பிடிக்கவில்லை. உடைந்த எலும்பு தெரிகிறது, இது தெரியவில்லையே என்று நைனாவிடம் சொல்லுவாள். எங்களுக்குப் போட்டுவிட்டுச் சட்டியைக் கழுவிக் கவிழ்ப்பாள். அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. கேட்டால், அப்பவே துன்னுட்டேன் என்பாள். எனக்கு ஒரு வேலை கொடுத்திருந்தாள்: மாமா பின்னாலேயே இருக்கவேண்டும். "கெணத்துப் பக்கம் போனா உடனே ஓடியாந்து என்னிய கூப்புடு. தெரியுதா?" மாமாவுக்கு நீச்சல் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

சில வாரங்கள் கழித்து, அப்படி உட்கார்ந்திருந்தவர் எழுந்து போய்க் கிட்டாரை எடுத்துவந்தார். ஒரே ஒரு கம்பி. மூச்சை இழுக்கும்போது ஒரு தட்டு, விடும்போது ஒரு தட்டு. நாளுக்கு நாள் அது வளர்ந்தது. பழைய பாட்டுகள் ஓடும். இது நடந்தது, பாரம் தூக்கிக்கொண்டு மலை ஏறுகிறவனைப் போல. நடுவில் மூன்று இடங்களில் நின்றுவிடும். மாமாவின் கை கம்பிமேல் இருக்கும், தலை மட்டும் ஆடும், கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. பிறகு மறுபடி நடக்கும்.

மறந்துபோய்விடுகிறதா என்று மாமாவிடமே கேட்டேன்.

"இல்ல பாப்பா. அது அவன் வாசிக்கிற எடம்."

குவைத்திலிருந்து வந்து வாசிப்பார் போல என்று விட்டுவிட்டேன்.

அதற்குள் மாமாவுக்கும் குவைத்து விசா வந்துவிட்டது. ஏ.சி. ரிப்பேர் வேலை, நைனாவின் ஏற்பாடு. தூரம் போனால் ஆறும் என்றார் நைனா. அங்கே யார் இவன் பின்னால் நடப்பார்கள் என்றாள் அம்மா. அதே வாரம் பெங்களூரிலிருந்து, பாடுகிற அண்ணன் கடிதம் போட்டார். நாடெங்கிலும் இருந்து ஒவ்வொரு குழுவின் ஒரு பாட்டை வாங்கி ஒரே கேசட்டில் போடப் போகிறார்களாம். கடைசியாக நம் பெயரில் ஒன்று வரட்டும், நான் பாட வரமுடியாது, நீ வாசித்து அனுப்பு என்று எழுதியிருந்தார். மாமா அந்தக் கடிதத்தைப் பலமுறை படித்தார். புறப்பட நான்கு நாள்தான் இருந்தது.

கஷ்டம் எங்கள் ஊரின் கஷ்டம். கரண்ட் இருந்தால் தெரு முழுக்கத் தறி ஓடும். அந்தச் சத்தத்தில் எதையும் பதிய முடியாது. கரண்ட் இல்லாவிட்டால் தெரு அடங்கும். ஆனால் கிட்டாருக்கு உயிர் வராது. மாமா மைக் செட் கடைக்குப் போனார், நான் பின்னாலேயே போனேன். சாமி ஊர்வலத்துக்குக் கார் பேட்டரியில் ஓடும் ஆம்ப்ளிஃபையர் அங்கே உண்டு, குழாய் ஸ்பீக்கரும் உண்டு. கடைக்கார அண்ணன் பாதி தெலுங்கு பேசுவார். மாமா கிட்டாரைச் சொருகி ஒரு தட்டுத் தட்டினதும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"ஏமி சாமி, சவுண்டு இப்டி கிழியுது. பொறுங்க, வேற குழா மாத்தித் தரேன்."

"வாணாம்ணா. கிழியட்டும். இதான் வேணும்."

பஜனைக்கா என்று கேட்டார். மாமா யோசித்து, ஆமாம் என்றார். அப்படியானால் வாடகை வேண்டாம், ஆனால் எட்டரைக்கு ஒரு கல்யாண ஊர்வலம், அதற்குள் பேட்டரி வந்துவிட வேண்டும் என்றார்.

மறுநாள் ஆறு மணிக்குக் கரண்ட் போனது. கரண்ட் போனதும் தறிகளின் சுவிட்சுகளை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் திரும்ப வரும்போது ஆள் இல்லாமலே ஓட ஆரம்பித்துவிடும். அது தினமும் என் வேலை. அன்றைக்கும் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தேன். ஏழாவதில் இருந்தபோது மாமா, செல் போட்ட டேப் ரிக்கார்டரின் பட்டனை அழுத்திப் பிடிக்கக் கூப்பிட்டார். ஓடிப்போய் உட்கார்ந்தேன்.

முதல் தடவை கம்பி அறுந்தது. இரண்டாம் தடவை தெருவில் பால்காரர் மணி அடித்தார். மூன்றாவது தடவை தொடங்கும் முன் மாமா கண்ணை மூடி, பத்து மூச்சோ இருபது மூச்சோ, அப்படியே இருந்தார். டேப் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த மௌனத்தில்தான் எனக்கு ஞாபகம் வந்தது: மூலையில் எட்டாவது தறி. எழுந்தால் சத்தம் டேப்பில் விழும். எழாவிட்டால், கரண்ட் சீக்கிரம் வந்துவிட்டால்? நான் எழவில்லை. கரண்டை நம்பி உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் வளர்ந்தவள் செய்யக்கூடாத காரியம் அது.

மாமா வாசித்தார். குழாய் ஸ்பீக்கர் சின்னத் தேரைப் போல அதிர்ந்தது. முதல் இடைவெளி வந்தது, போனது. இரண்டாவது வந்தது, போனது. மூன்றாவதில் அவர் கை நின்று தலை ஆடிக்கொண்டிருந்தபோது கூரையில் பல்பு எரிந்தது. மூலையில் எட்டாவது தறி ஓடத் தொடங்கியது.

டடக் டடக் டடக் டடக்.

மாமா கண்ணைத் திறந்தார். தறியைப் பார்த்தார். நான் பட்டனை விடப்போனேன். வேண்டாம் என்று தலையசைத்தார். பிறகு அதோடு சேர்ந்து வாசித்தார். நடந்துகொண்டிருந்த பாட்டு ஓடியது. முன்பு மூன்று பேரும் வாசிக்கும்போது ஓடுமே, அந்த ஓட்டம். வாசித்துக்கொண்டே இருந்தார். தறியில் குறுக்கே ஓடும் நாடாக்கட்டையில் நூல் தீர்ந்து தறி தானாக நிற்கும்வரை வாசித்தார். அது நின்றதும் அவரும் நின்றார். முகமெல்லாம் நனைந்திருந்தது.

நான் கெடுத்துவிட்டேன் என்று எனக்குப் புரிந்தது. இன்னொரு தடவை வாசிக்க வழியில்லை. தெருவில் மற்றத் தறிகளும் எழுந்துகொண்டிருந்தன. நைனா உள்ளே வந்து, எட்டாவதை யார் அணைக்காமல் விட்டது என்றார்.

"நான்தான் மாமா. மறந்துட்டேன்" என்று என் மாமா முந்திக்கொண்டு நைனாவிடம் சொன்னார்.

நைனா தறியில் குனிந்து, ஆளில்லாமல் நெய்த அந்தச் சாண் துணியை வெளிச்சத்தில் பிடித்து இழை இழையாகப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. அதனாலேயே அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கேசட்டை அன்றே தபாலில் போட்டோம். மறுநாள் திருமலைக்குப் போய் மாமா முடி இறக்கினார். அம்மா ஊருக்குச் சொன்ன பொய் அப்படியே வேண்டுதலாகி நிறைவேறியது. முடி போன தலையோடு அவர் என் வகுப்புப் பையன் மாதிரி இருந்தார்.

புறப்படும் நாள் காலையில் நகரி ஸ்டேஷனில் மெட்ராஸ் வண்டிக்குக் காத்திருந்தோம். அம்மா எங்களுக்கு இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துவிட்டு, தான் தொடாமல், மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பாவாடையில் சுற்றி மறைத்துக் கொண்டுவந்திருந்த இரண்டு குச்சிகளையும் எடுத்து மாமாவிடம் நீட்டினேன். குவைத்தில் டிரம்ஸ் அண்ணாவிடம் கொடுக்கவேண்டும், அவர் இடத்தில் தறி வாசித்துவிட்டது என்று சொல்லவேண்டும், கோபித்துக்கொள்ள வேண்டாம், அணைக்காமல் விட்டது நான்தான், மாமா இல்லை என்றும் சொல்லவேண்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். நைனா தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாமா குச்சிகளை வாங்கி, ஒன்றோடொன்று ஒரு தடவை தட்டிப் பார்த்து, பைக்குள் வைத்தார்.

"போன உடனே அவரப் பாத்துடுவியா மாமா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார்.

"அவசரம் இல்ல பாப்பா. ரொம்ப நாள் ஆவும். மெதுவாப் பாத்துக்கினா போதும்."

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஒரே ஊருக்குப் போகிறவர்கள் இப்படியா சோம்பேறித்தனம் பண்ணுவார்கள்? குவைத்து என்று நைனா சொன்னது எந்த ஊரை என்று எனக்குத் தெரியப் பல வருடங்கள் ஆயின. புத்தூர் சாலை வளைவில் அந்த பைக்கை ஓட்டியது யார் என்று தெரிய இன்னும் சில வருடங்கள்.

அன்று நான் பார்த்தது இவ்வளவுதான்: மாமா அதைச் சொன்னதும் அம்மா பெஞ்சில் உட்கார்ந்தாள். பொட்டலத்தை மடிமேல் இழுத்துக்கொண்டாள். வண்டி வரும்வரை, ஒன்றன்பின் ஒன்றாக, எங்கள் பங்கையும் சேர்த்து, அத்தனை இட்லியையும் தின்று தீர்த்தாள். எனக்கு ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லையே என்று மெட்ராஸ் வண்டி போன பிறகும் நான் அழுதுகொண்டிருந்தேன்.