சித்தப்பாவை மாடென்று நினைத்த புழு

பாலோ என்ற ஊரில் சித்தப்பா நான்கு மாடுகள் வளர்க்கிறார். காலையில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் மரங்களுக்கு நடுவே மேயவிடுவார். மதியம் தோட்டத்துக் கானில் இறக்கிக் குளிப்பாட்டி ஓட்டி வருவார். கான் என்றால் தோட்டத்துத் தண்ணீர் வடிந்தோடும் கால்வாய், முழங்கால் ஆழம்.

ஸ்கூடாய் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கும் நான் விடுமுறைக்கு அங்கே போனதற்குக் காரணம் அந்தக் கானில் வாழும் ஒரு நத்தை. ஆட்டுக்கடாக் கொம்புபோல் தட்டையாகச் சுருண்ட ஓடு, கட்டைவிரல் நகம் அளவு. நம்மைப்போல் அதற்கும் சிவப்பு இரத்தம். அதன்மேல் எனக்கு ஒரு கிறுக்கு, வேறென்ன சொல்வது.

போன அன்றே சித்தி சொன்னார், "கால அவகிட்ட காட்டுங்க. பெரிய படிப்பு படிக்கிறால்ல."

சித்தப்பா கைலியைத் தூக்கினார். கணுக்காலிலிருந்து முழங்கால்வரை சிவப்புத் தடிப்புகள். சொறிந்து சொறிந்து சில புண்ணாகியிருந்தன.

"உரம்மா. தோட்டத்துல போடுற உரம், வேற ஒண்ணுமில்ல."

சமையலறையில் சித்தி மீதியைச் சொன்னார். என் அப்பாவுக்கு இனிப்புநீரால், அதாவது சர்க்கரை நோயால், ஒரு கால்விரலை எடுத்ததிலிருந்து சித்தப்பா கிளினிக் பக்கமே போவதில்லை. தனக்கும் அதுதானோ என்று பயம். "டெஸ்ட் எடுத்தா இருக்குன்னு சொல்லிடுவாங்களாம். எடுக்கலன்னா இல்லையாம். ஒங்க சித்தப்பா கணக்கு இது."

எனக்கோ அந்தத் தடிப்புகளைப் பார்த்ததுமே வேறு சந்தேகம். மறுநாள் பன்னிரண்டு நத்தைகளைப் பொறுக்கி வந்து, ஒவ்வொன்றையும் ஒரு கண்ணாடித் தம்ளரில் கான் தண்ணீரோடு போட்டு வெயிலில் வரிசையாக வைத்தேன்.

"அது விருந்தாளிக்கு வெச்சிருக்கிற கிளாஸ்," என்றார் சித்தி.

"கொதிக்க வெச்சுக் கழுவித் தரேன் சித்தி."

"ஒன் கல்யாணத்துக்கு அதத்தான் சீரா குடுக்கப்போறேன்."

ஒரு மணி நேரத்தில் ஏழாவது தம்ளரில் தூசிபோல் ஏதோ நெளிந்தது. ஒரு சொட்டு எடுத்து, நான் கொண்டு போயிருந்த பழைய மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். நுனியில் இரண்டாகப் பிளந்த வால். நான் புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்த ஒட்டுண்ணி. சித்தப்பாவைக் கூப்பிட்டேன். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"வாலு ரெண்டா இருக்கு."

மூச்சுவிடாமல் சொன்னேன். இதன் தாய்ப்புழு மாட்டின் இரத்தக்குழாயில் வாழ்கிறது. முட்டை சாணியோடு கானுக்கு வருகிறது. அதிலிருந்து வருவது நத்தைக்குள் புகுந்து பெருகி, இப்படி வாலோடு வெளியேறி இன்னொரு மாட்டைத் தேடுகிறது. தண்ணீரில் எந்தத் தோல் கிடைத்தாலும் துளைத்துவிடும். மனிதத் தோலென்றால் அதற்குமேல் போக வழியில்லை, உள்ளேயே செத்துப்போகும். அதுதான் அரிப்பு.

"ஒங்கள மாடுன்னு நெனச்சு ஏறுது சித்தப்பா."

அடுப்படியிலிருந்து சித்தி, "எனக்கே முப்பது வருஷமா அந்தச் சந்தேகம் இருக்கு."

சித்தப்பா சிரித்த வேகத்தில் நானும் வாயைவிட்டேன். "அப்ப இது இனிப்புநீர் இல்ல."

அன்று மாலையே சித்தப்பாவின் கூட்டாளிகள் எல்லாருக்கும் அந்தப் புழுவின் வீடியோ போனது. "யுனிவர்சிட்டியே சொல்லிருச்சுலா, நத்தைதான்." இரண்டு நாள் நானும் பெருமையாகத்தான் திரிந்தேன். மூன்றாம் நாள் தம்ளரைத் துடைத்துக்கொண்டே சித்தி கேட்டார், "நத்தை அரிப்பச் சொல்லுச்சு, சரி. ரத்தத்தயும் சொல்லுமா?"

கானுக்குப் போனேன். சித்தப்பா கோயிலுக்கு வெளியே விடுவதுபோல் செருப்பைக் கரையில் கழற்றிவிட்டு மாட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பூட்ஸாவது போட்டு எறங்கலாம்ல?"

"லட்சுமியக் குளிப்பாட்டறப்ப கால்ல பூட்ஸா? வாய்ல அடி."

"அப்ப வீட்டுக் குழாய்ல குளிப்பாட்டுங்க. செருப்பில்லாமலே." அதற்கு அவர் தலையாட்டினார். அடுத்ததுதான் கஷ்டம். "சித்தப்பா, அன்னிக்கு நான் அவசரப்பட்டு பேசிட்டேன். அரிப்பு நத்தையால. ஒங்களுக்கு இனிப்புநீர் இல்லன்னு சொல்ல எனக்குத் தெரியாது. டெஸ்ட் எடுத்தாத்தான் தெரியும்."

அவர் மாட்டின் முதுகில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

"ஒங்கப்பா வெரல எடுத்த அன்னிக்கு வெளிய நான்தான் நின்னேன்," என்றார். இன்னும் இரண்டு வாளி ஊற்றினார். "நீ கூட வர்றியா?"

மறுநாள் காலை கிளினிக்குக்குப் போனோம். மிஸ்ஸி, அதாவது நர்ஸ், விரலில் குத்தும்வரை சித்தப்பா அவளிடம் மலாயில் நத்தைக் கதை சொன்னார். குத்தியதும் கதை நின்றது. அவள் எண்ணைப் பார்த்துவிட்டு, எல்லையில் இருக்கிறது, வெறும் வயிற்றோடு இன்னொரு தடவை வாருங்கள், சீனியைக் குறையுங்கள் என்றாள்.

"எல்லையிலனா இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்று சித்தப்பா என்னைத் தமிழில் கேட்டார்.

"இப்போதைக்கு இந்தப் பக்கம்தான்." இந்தத் தடவை அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

எதிர்க்கடையில் உட்கார்ந்தோம். அவராகவே தே ஓ என்னும் பாலில்லாத தேநீரைச் சீனியும் இல்லாமல் கேட்டார். ஒரு வாய் குடித்து முகம் சுளித்தார்.

"இதுக்கு அந்த அரிப்பே தேவலாம்மா," என்று சொல்லிவிட்டு முழுக் கோப்பையையும் குடித்தார்.