சவரி சார் ஏற்றுக்கொண்ட தவறு

மோகனூரில் கிளினிக் வைத்திருக்கும் பழைய மாணவன்தான் போன் செய்தான். "மேடம், நம்ம சவரி சார் காலைல போயிட்டாருங்க. ஹார்ட் அட்டாக்காமுங்க." எதிரே நோயாளி வாயைத் திறந்தபடி காத்திருந்தார். மிச்ச வேலையை ஜூனியரிடம் ஒப்படைத்துவிட்டுச் சேலத்துக்குப் பஸ் ஏறினேன்.

டாக்டர் சவரிமுத்துவும் நானும் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் பதினோரு வருடம் அடுத்தடுத்த அறைகளில் இருந்தோம். அவர் சேலம் டவுன்காரர். நான் நாமக்கல் தோட்டத்து வீட்டுப் பெண். "ஏனுங்க டாக்டர், இன்னைக்கு என்னங்க கொழம்பு?" என்று என் பேச்சை எனக்கே பேசிக்காட்டிக்கொண்டு மதியம் டப்பாவோடு வந்து உட்காருவார்.

அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது ஒரு செய்முறைத் தேர்வில். பல்லுக்கு மேல் உறைபோலக் கிரீடம் பொருத்துவதற்கு ஏற்றபடி மாணவர்கள் பிளாஸ்டிக் பல்லைச் செதுக்க வேண்டும். தேர்வாளர்கள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கண்ணளவில் மதிப்பெண் போடுவார்கள். நிர்வாகத்துக்கு வேண்டிய ஒரு பையன் கன்னாபின்னாவென்று வெட்டிய பல்லுக்கு நல்ல மதிப்பெண் விழுந்தது. "பல்லைப் பாத்து மார்க் போடுங்கன்னா, அப்பன் பேரைப் பாத்துப் போடுறீங்களே!" என்று எல்லோர் முன்னிலையிலும் கத்தினார்.

அதன்பின் இரண்டு வருடம் நிர்வாகத்தை அரித்து எடுத்து ஒரு ஸ்கேனர் வாங்க வைத்தார். மாணவர் வெட்டிய பல்லை அது படமெடுத்து, சரியாக வெட்டிய மாதிரிப் பல்லோடு ஒப்பிடும். பொருந்திய இடம் பச்சை, பிசகிய இடம் சிவப்பு. மதிப்பெண்ணையும் அதுவே போடும். ஐம்பது வயதுக்கு மேல், சிறுபிள்ளைபோல நோட்டுப் போட்டு அதைக் கற்றுக்கொண்டார். "மெஷினுக்கு யார் வீட்டுப் பிள்ளைன்னு தெரியாது. அதுக்காகவே அதைக் கும்பிடலாம்" என்பார். மாதிரிப் பல்லை வெட்டித் தரும்படி என்னிடம் கேட்டார். "உங்க கை சுத்தமான கைங்க." எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே மூச்சில் வெட்டிக் கொடுத்தேன்.

முதல் தேர்விலேயே பள்ளிபாளையத்துத் தறிக்காரர் மகள் ஒருத்தி தோற்றாள். அவள் வெட்டிய பல்லின் உள்பக்கம் முழுக்கச் சிவப்பு. சவரி சார் அந்தப் பல்லை லென்ஸில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நான் வெட்டிய மாதிரிப் பல்லை எடுத்து அளந்தார். நேராக என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"அந்தப் பொண்ணு சரியாத்தான் வெட்டியிருக்கா, டாக்டர். மாதிரிப் பல்லுதான் தப்பு. உள்பக்கம் அதிகமா எடுத்துட்டீங்க. நிஜப் பல்லா இருந்தா நரம்பைத் தொட்டிருக்கும்."

அப்படியென்றால் மற்றவர்கள் எப்படித் தேறினார்கள்? பயிற்சியின்போதே ஸ்கேனரைப் பார்த்துப் பார்த்து என் தவறைக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். கல்லூரி விட்டதும் பஸ்ஸைப் பிடிக்க ஓடும் அந்தப் பெண் பயிற்சி வரிசையில் நின்றதே இல்லை. புத்தகத்தில் உள்ளபடி வெட்டினாள், தோற்றாள்.

அடுத்த வாரம் எனக்குப் பதவி உயர்வு நேர்காணல். "சார், அடுத்த வருசம் மாத்திக்கலாமுங்க. இப்பச் சொன்னா எம் பேரு கெட்டுப்போயிருமுங்க" என்றேன்.

"அந்தப் பொண்ணுக்கு ஆறு மாசம் போயிருமே. ரெண்டு நாள் பாக்குறேன். நீங்களே போய்ச் சொல்லிடுங்க."

இரண்டு நாளும் முதல்வர் அறை வாசல்வரை போய்த் திரும்பினேன். மூன்றாம் நாள் மதிப்பெண்களைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும். சவரி சார் உள்ளே போய், "மெஷினை நான்தான் தப்பா செட் பண்ணிட்டேன்" என்று சொல்லிவிட்டார். புதிய மாதிரிப் பல்லை அவரே வெட்டினார். எல்லாப் பற்களும் மறுபடி ஸ்கேனருக்குள் போயின. அந்தப் பெண் தேறினாள். முன்பு தேறிய சிலர் தவறினார்கள்; அவர்கள் வீட்டுச் சாபமும் அவருக்கே போனது. ஸ்கேனர் அறைச் சாவியை அவரிடமிருந்து வாங்கிவிட்டார்கள். எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்!

நன்றி சொல்லப் போனேன். "உங்களுக்காகச் செய்யலைங்க. அந்தப் பொண்ணுக்காகச் செஞ்சேன். உங்க மேல வருத்தம் இருக்கு, அது போகாது" என்றார். அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு அவர் வரவில்லை. ஓய்வுபெறும்வரை இந்த விஷயத்தை ஒருவரிடமும் மூச்சுவிடவும் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு நான் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

சேலத்தில் சர்ச்சில் பூசை முடிந்ததும் எங்கள் முதல்வர் பேசினார். "கடைசியில டெக்னாலஜி அவருக்குக் கொஞ்சம் பிடிபடலை. ஆனா தங்கமான மனுசன்." சிலர் தலையாட்டினார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

கல்லறைத் தோட்ட வாசலில் அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த மெஷின் விஷயத்துல அவர் தப்புப் பண்ணியிருப்பாருன்னு என்னால இன்னும் நம்ப முடியலைம்மா. நீ கூடவே இருந்தியே, நிஜந்தானா?"

எனக்கு அழுகை வந்தது. அக்கா என் முதுகைத் தடவினார். "சரி விடும்மா, அழாதே. அவரும் மனுசன்தானே, பண்ணியிருப்பார்."

அன்று சொல்லாததைச் சவரி சாரை அறிந்த உங்கள் எல்லோரிடமும் இப்போது சொல்கிறேன். மாதிரிப் பல்லைத் தவறாக வெட்டியவள் நான். அவர் அமைத்ததில் ஒரு பிசகும் இல்லை. இந்த நினைவுக் குறிப்பை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஸ்டெல்லா அக்காவிடம் படித்துக்காட்டினேன். அக்கா எழுந்து உள்ளே போய்விட்டார். சவரி சார் நினைவாக நான் வைத்துக்கொள்வது, இத்தனை வருடம் அவர் சுமந்த அந்தக் கெட்ட பெயரை. அது என்னுடையது.