மேலத்தெருவில் புது சைலன்சர்

எங்கள் தெருவிலிருந்து தார் ரோட்டுக்கு மேலத்தெரு வழியாகத்தான் போயாக வேண்டும். சித்தப்பாவுக்குக் கால்நடை ஆஸ்பத்திரியில் உதவியாளர் வேலை கிடைத்து, ஒரத்தநாட்டில் யாரோ ஓட்டித் தேய்த்த மோட்டார் சைக்கிளை வாங்கி வந்த நாளிலிருந்து அந்த வழி எங்களுக்குச் சிக்கலாகிவிட்டது. சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. கிளப்பினால் வாய்க்கால் கொக்குகள் மொத்தமும் எழுந்து பறக்கும்.

கூலித் தகராறில் அறுவடை நின்றிருந்த வருஷம் அது. கோட்டையில் நம்ம ஆட்சி வந்துவிட்டது, இனிமேல் பாருங்கள் என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மேலத்தெருப் பண்ணையின் வேலைகளை மேற்பார்க்கும் காரியக்காரரோ ஆள்விட்டுச் சொல்லியனுப்பினார்: சத்தத்தில் சினைமாடு மிரளுகிறதாம், இன்னொரு தடவை கேட்டால் வண்டி முழுசாக வீடு திரும்பாதாம்.

சித்தப்பா தஞ்சாவூர் போய்ப் புது சைலன்சர் ஒன்றைப் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். மெக்கானிக்கிடம் போவதென்றாலும் அதே தெருவைத்தான் தாண்ட வேண்டும். ஆகவே வீட்டு வாசலில், தானே மாற்றுவது என்று முடிவாயிற்று. அவர் அதுவரை ஸ்பேனரைத் தொட்டதில்லை. பத்து வயதுப் பெண்ணான நானும்தான்.

இன்ஜினோடு குழாயைப் பிணைத்திருந்த பெரிய நட்டு அசையவே இல்லை. மண்ணெண்ணெய் ஊற்றிக் காத்திருந்தார். சுத்தியலால் தட்டினார். தட்டியது தவறி முழங்கை தோல் உரிந்தது. மத்தியானத்துக்கு மேல் 'க்ரீச்' என்று அது சுழன்றபோது அம்மாகூட அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். புதிதை மாட்டி, இறுக்கி, உதைத்தார். முன்னைவிடப் பெரிய சத்தம். இணைப்பில் கரும்புகை பீறிட்டது.

சித்தப்பா முகம் செத்துப்போயிற்று. பழையதைக் கழற்றியபோது, குழாய் வாய்க்குள் உட்காரும் செம்பு வளையம் ஒன்று கழன்று வந்திருந்தது. கரி பிடித்த குப்பை என்று நினைத்து நான்தான் அதைச் சாம்பல் குழியில் போட்டிருந்தேன். அழுதுகொண்டே சொன்னேன். அவர் திட்டவில்லை. இரண்டு பேருமாகச் சாம்பலைக் கிளறி எடுத்து, புளி போட்டுத் தேய்த்து உள்ளே பொருத்தினோம். மறுபடி உதைத்தார். பூனை உறுமுவது போல மெல்லிய சத்தம்.

திங்கட்கிழமை காலை, பள்ளிக்கூடத்தில் விடுவதாக என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். மேலத்தெரு நடுவில் காரியக்காரர் கம்போடு நின்றிருந்தார்.

“எறங்கித் தள்ளிக்கிட்டுப் போ.”

“சைலன்சர் மாத்திட்டேங்க. இப்ப சத்தமே இல்லீங்களே.”

“சத்தம் கெடக்கு. எறங்குடா.”

அவருக்குக் காது மந்தமோ என்று எனக்குத் தோன்றியது. “நல்லாக் கேட்டுப் பாருங்க, புகைகூட ஒழுகல” என்றேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள். சித்தப்பா இரண்டு காலையும் தரையில் ஊன்றி, இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

“கெட்டியாப் புடிச்சுக்க” என்று மட்டும் என்னிடம் முணுமுணுத்தார்.

வண்டி பாய்ந்தது. கம்பு இறங்கியது. என் காலுக்கு ஒரு சாண் தள்ளி, சைலன்சரில் 'ணங்' என்று விழுந்தது. தார் ரோடு வந்ததும் நிறுத்தினார். கைப்பிடியை விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தார். வண்டி சாயாமல் இருக்க என்று நினைத்துக்கொண்டேன். நான் இறங்கிச் சைலன்சரைத்தான் பார்த்தேன். பளபளப்பின் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு நசுங்கியிருந்தது.

சாயங்காலம் நாங்கள் திரும்பும்போது, தகராறு என்ற சேதி எப்படியோ எட்டி, எங்கள் தெரு ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் தார் ரோட்டு முனையில் காத்திருந்தார்கள். வண்டி நடக்கும் வேகத்தில் ஊர, முன்னும் பின்னுமாகக் கூடவே வந்தார்கள். மேலத்தெரு கடக்கும்வரை வழியை யாரும் மறிக்கவில்லை.

வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். அவளிடம் காட்டவென்று குதித்து இறங்கி, நசுங்கிய இடத்தைத் தொட்டுக் காட்டினேன். அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

“எறங்குனியா தம்பி?” என்று சித்தப்பாவைக் கேட்டாள்.

“இல்ல அண்ணி.”

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், தீபாவளிக்கு மட்டும் செய்யும் பணியாரத்துக்கு மாவு கரைக்க ஆரம்பித்தாள். எதற்கென்று எனக்குத் தெரியவில்லை, அப்பா சிரித்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் முழுக்கப் பாடுபட்டு மாட்டிய புது சைலன்சர் நசுங்கிக் கிடக்கிறது, அதற்காக வருத்தப்பட அந்த வீட்டில் ஒரு ஆள்கூட இல்லையே என்று நான் கோபத்தோடு வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.